பாட்டு வாயில் இருக்கிறது, எழுதியவர் யார்? – பழைய பாமாலைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாசரேத் பக்கத்து ஒரு சின்ன கிறிஸ்தவச் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) பல வருடமாகப் பாடகர் குழுவில் நிற்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு அங்கேயே பதில் சொன்னேன். சிலவற்றுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு வீட்டில் போய் வெட்கப்பட்டேன். திருத்தின பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஞானப்பாட்டு, பாமாலை, கீர்த்தனை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஞானப்பாட்டு, பாமாலை என்பவை பெரும்பாலும் ஜெர்மன் அல்லது ஆங்கிலப் பாட்டைத் தமிழாக்கி, அந்த ஊர் மெட்டிலேயே பாடுவது. கீர்த்தனை இங்கேயே பிறந்தது. ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அதற்கு உண்டு. ஒரே அட்டைக்குள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதால்தான் இந்தக் குழப்பம். எங்கள் ஆச்சிக்கு இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. ஆர்மோனியப் பெட்டி ஊதினால் ஞானப்பாட்டு, கைத்தாளம் தட்டினால் கீர்த்தனை. இலக்கணமாகப் பார்த்தாலும் அது அவ்வளவு தப்பில்லை.

பாட்டுக்கு மேலே 8.8.8.6 என்று எண் போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

ஒவ்வோர் அடியிலும் எத்தனை உயிர் ஒலி வருகிறது என்ற கணக்கு. நம் புலவர்களுக்கு இது புதிதல்ல. கட்டளைக் கலித்துறையில் புள்ளி எழுத்தைத் தள்ளிவிட்டு அடிக்கு 16 அல்லது 17 என்று எண்ணுவார்களே, அதே முறைதான். "நான் பாவிதான், ஆனாலும் நீர்" என்ற அடியில் புள்ளி எழுத்துகளைத் தள்ளுங்கள். நா, பா, வி, தா, ஆ, னா, லு, நீ. எட்டு. கடைசி அடி "என் மீட்பரே, வந்தேன்": எ, மீ, ப, ரே, வ, தே. ஆறு.

எண் ஒத்துப்போனால் ஒரு பாட்டின் மெட்டில் இன்னொன்றைப் பாடலாம். ஆர்மோனியக்காரருக்குப் புது மெட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் காப்பாற்றுவது இந்த எண்தான்.

சில இடங்களில் கணக்கு ஒன்று கூடும். "பாவ சஞ்சலத்தை நீக்க" எட்டு, சரி. அடுத்த அடி "பிராண நண்பர் தான் உண்டே" ஏழாக இருக்க வேண்டும், எண்ணினால் எட்டு வரும். சபையார் என்ன செய்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே "ப்ராண" என்று அமுக்கிவிடுவார்கள்.

அந்த 'நான் பாவிதான்' பாட்டை எழுதியது யார்?

ஷார்லட் எலியட் என்ற இங்கிலாந்துப் பெண். 1789-இல் பிறந்து 1871-இல் இறந்தார். முப்பது வயதுவாக்கில் வந்த நோய் கடைசிவரை விடவில்லை. பிரைட்டன் நகரத்தில் அவருடைய அண்ணன் தம்பிமாரில் ஒருவர், குருமாரின் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டப் பணம் சேர்த்தார். வீட்டில் எல்லாரும் அதற்கான விற்பனை விழா வேலையில் ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒன்றுக்கும் உதவாமல் படுத்துக் கிடக்கிறோமே என்று மனம் நொந்து எழுதியது இந்தப் பாட்டு என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். 1836 வாக்கில் நோயாளிகளுக்கான ஒரு பாட்டுப் புத்தகத்தில் அச்சானது.

நம் ஊருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இவருடைய தாய்மாமன் ஜான் வென், 1799-இல் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தச் சங்கம்தான் 1820-இல் ரேனியஸ் ஐயரை (மிஷனரிகளையும் குருமாரையும் நாங்கள் 'ஐயர்' என்போம்) பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. மாமா தொடங்கின சங்கம் கட்டின கோயில்களில் மருமகளின் பாட்டு.

இனி தமிழைப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதல் அடி 'இருக்கிறபடியே வருகிறேன், சொல்ல ஒரு சாக்கும் இல்லை' என்றுதான் போகிறது. 'பாவி' என்ற சொல்லே அங்கே இல்லை. தமிழாக்கியவர் எடுத்த எடுப்பில் "நான் பாவிதான்" என்று போட்டார். அந்தத் 'தான்' இருக்கிறதே, நம் வீட்டு முற்றத்தில் "ஆமா, நான்தான் செஞ்சேன்" என்று ஒருவர் ஒப்புக்கொள்வதுபோல. மூலத்தின் கடைசி அடியில் 'தேவ ஆட்டுக்குட்டியே, வருகிறேன்' என்று இருப்பது இங்கே "என் மீட்பரே, வந்தேன்" ஆயிற்று. வருகிறேன் அல்ல, வந்தேன். வாசலில் வந்து நின்றுகொண்டு சொல்கிற சொல் அது. நீர், சிந்தினீர், அழைத்தீர் என்று இயைபும் விழுந்துவிட்டது. பாதிப் பாட்டு ஷார்லட் அம்மாளுடையது, பாதி அந்தத் தமிழருடையது என்பேன்.

அந்தத் தமிழாக்கியவர் பெயர் ஏன் எங்குமே இல்லை?

அந்தக் காலத்தில் பெயர் போடுவது வழக்கமில்லை. மிஷனரியும் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் சொல் கொடுத்துச் செய்த வேலை பல. பெயர் வந்தாலும் மிஷனரியின் பெயர்தான் வரும். முன்ஷி பெயர் காணாமல் போகும். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

பெயர் தெரிந்தவர்களில் பெரியவர் பெப்ரீஷியஸ் ஐயர். 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர், 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் காலம் கழித்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளை ஏராளமாகத் தமிழில் தந்தவர். பைபிளை மொழிபெயர்த்தார், அகராதி செய்தார். பண விஷயத்தில் மட்டும் வெகுளி. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடன் கொடுத்து ஏமாந்து, தள்ளாத வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-இல் இறந்தார். அவர் தமிழில் கொஞ்சம் கரடுமுரடு இருக்கும். "அண்டை", "மா" போன்ற சொற்களை இடம் நிரப்பத் தூவும் பழக்கம் அவர் காலத்துப் பாட்டிலிருந்து பின்னால் வந்தவர்களுக்கும் தொற்றியது. ஆனால் பாடப் பாட அந்தக் கரடுமுரடே பழகிப்போகும்.

'பாவ சஞ்சலத்தை நீக்க' எழுதியவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணை இழந்தவர் என்கிறார்களே?

உண்மை, அதுவும் இரண்டு முறை. ஜோசப் ஸ்க்ரிவன், 1819-இல் அயர்லாந்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கி இறந்தாள். கனடாவுக்குப் போனார். அங்கே நிச்சயமான பெண்ணும் நோயில் இறந்தாள். அதன் பிறகு இல்லாதப்பட்டவர்களுக்கு விறகு அறுத்துக் கொடுத்துக்கொண்டு தனியாளாக இருந்தார். ஊரில் இருந்த அம்மாவுக்கு ஆறுதலாக 1855-இல் எழுதி அனுப்பியதுதான் இந்தப் பாட்டு. பேர் வாங்க வேண்டும் என்று எழுதவில்லை, அதனால் பேர் போடாமலே பரவியது. கொஞ்ச காலம் ஹொரேஷியஸ் போனார் என்ற வேறொரு புகழ்பெற்ற கவிஞரின் பெயரில்கூட அச்சானது. 1886-இல் ஸ்க்ரிவனும் தண்ணீரில்தான் இறந்துகிடந்தார்.

எங்கள் ஆச்சி பனங்கிழங்கு நார் உரிக்கும்போது இந்தப் பாட்டைத்தான் முனகுவாள். நாரை இழுக்கிற இடத்தில் கையும் இழுக்கும், பாட்டும் இழுக்கும். கனடாக்காரர் கதை அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் "பாவம் பய" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்திருப்பாள்.

'பிளவுண்ட மலையே' – புயலில் பாறைப் பிளவில் ஒதுங்கி, கீழே கிடந்த சீட்டுக்கட்டுச் சீட்டில் எழுதினாராமே?

இதுதான் என் வெட்கக் கதை. ஒரு பிரதிஷ்டைப் பண்டிகையில் மைக்கைப் பிடித்து, பாட்டை எழுதிய டாப்லடி ஐயர் நனைந்துகொண்டே பாறைக்குள் ஓடினதை நேரில் பார்த்தவன்போலச் சொன்னேன். பிறகு தேடினால், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதையே வெளியே வருகிறது. அவர் இருந்த காலத்தில் அதற்குச் சாட்சி எதுவும் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அகஸ்டஸ் டாப்லடி, 1740-இல் பிறந்தார், 1776-இல் தான் நடத்திய பத்திரிகையில் பாட்டை முழுதாக வெளியிட்டார், 1778-இல் காசநோயில் 37 வயதில் இறந்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியோடு ஓயாமல் எழுத்தில் சண்டை போட்டவர். இவ்வளவு சாந்தமான பாட்டு எழுதியவர் பேனாவில் அவ்வளவு காரம்!

டைட்டானிக் கப்பல் முங்கும்போது 'உம்மண்டை கர்த்தரே' வாசித்தார்களா?

பிழைத்தவர்களே ஆளுக்கொன்று சொன்னார்கள். முடிவாகச் சொல்ல முடியாது. எழுதியவர் சாரா பிளவர் ஆடம்ஸ் (1805–1848). அவர் அக்கா எலைசாதான் முதலில் மெட்டுப் போட்டார். இருவரும் யூனிட்டேரியன் சபைக்காரர்கள், அதாவது திரித்துவக் கோட்பாட்டை ஏற்காதவர்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக்குப் பெயர் தூய திரித்துவப் பேராலயம். அங்கேயும் இவர் பாட்டை உருகிப் பாடுகிறோம்.

அப்படியானால் பாமாலையில் கத்தோலிக்கர் எழுதினதும் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் கிறிஸ்மஸ் ராத்திரியிலேயே. "பக்தரே வாரும்" பாட்டின் லத்தீன் மூலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் ஜான் பிரான்சிஸ் வேட். இங்கிலாந்துக் கத்தோலிக்கர், பிரான்சின் டுவே நகரத்தில் இசைச் சுவடிகளைக் கையால் நகலெடுத்துப் பிழைத்தவர், 1786-இல் இறந்தார். அதை ஆங்கிலமாக்கிய ஓக்லி ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர், 1845-இல் கத்தோலிக்கரானார். அதே வருடம் அதே வழியில் போன நியூமனுடையதுதான் "காரிருளில் என் நேச தீபமே". ஆனால் அதை அவர் ஆங்கிலிக்கனாக இருந்தபோது, 1833-இல் ஒரு கப்பலில் எழுதினார். "ஒப்பில்லா திரு இரா" எழுதிய ஜோசப் மோர், ஆஸ்திரியாவின் ஒரு சின்ன ஊரில் இருந்த கத்தோலிக்கக் குரு. 1816-இல் எழுதி வைத்திருந்த வரிகளுக்கு 1818 கிறிஸ்மஸுக்கு குரூபர் மெட்டமைத்தார்.

ஆர்.சி. கோயிலுக்கும் நம் கோயிலுக்கும் ஊரில் ஆயிரம் பேச்சு உண்டு. பாட்டுப் புத்தகம் அந்த வேலியை எப்போதோ தாண்டிவிட்டது.

'இராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' எழுதியவர் சாமியாரா?

சாமியாரும் இல்லை, குருவும் இல்லை. நாடகக்காரர்! நேகம் டேட், 1692-இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானவர். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை எடுத்து, சாக வேண்டிய மகளைச் சாகவிடாமல், கல்யாணம் செய்துவைத்துச் சுபமாக முடித்தார். அந்தச் சுபமுடிவுதான் நூற்றைம்பது வருடம் மேடையில் ஓடியது. அதனால் பின்னால் வந்த விமர்சகர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மேய்ப்பர் பாட்டு 1700-இல் வந்தது. கடைசிக் காலத்தில் கடன்காரருக்குப் பயந்து ஒளிந்திருந்த இடத்திலேயே 1715-இல் இறந்தார்.

டிசம்பர் மாதம் நாலரை மணிக்குப் பனியில் பஜனை போகும்போது, பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு வந்த பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ சினிமாக் கிளைமாக்ஸை மாத்தினவரு மாதிரியா?" என்றான். அதேதான்.

'எந்தன் ஜீவன் இயேசுவே' எழுதிய அம்மாள் நகையெல்லாம் கழற்றிக் கொடுத்தாராமே?

கொடுத்தார். பிரான்சஸ் ரிட்லி ஹாவர்கல் (1836–1879). பாட்டை எழுதியது 1874-இல். அதில் 'என் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக்கொள்ளும்' என்று ஓர் அடி வரும். எழுதி நாலு வருடம் கழித்துத்தான் அந்த அடி அவரைக் குத்தியது. நகைப்பெட்டியோடு ஏறக்குறைய ஐம்பது உருப்படிகளை சி.எம்.எஸ். அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வருடமே 42 வயதில் இறந்தார். "அருள்நாதா நம்பி வந்தேன்" பாட்டும் அவருடையதுதான்.

நம் ஊரில் பெண்கள் கழற்றிக் கொடுத்த கம்மலும் தாலிக்கொடியும் எத்தனை கோயில் சுவரில் ஏறியிருக்கிறது என்று நினைக்கும்போது, அவர் ஒன்றும் தூரத்து ஆளாகத் தெரியவில்லை.

பெரிய வெள்ளியன்று பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' மெட்டு காதல் பாட்டு மெட்டா?

ஆமாம். ஹாஸ்லர் என்பவர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு. 'என் மனம் குழம்பிப் போயிற்று, ஒரு பெண்ணால்' என்கிற பாட்டு அது. வார்த்தை பால் கெர்ஹார்ட் (1607–1676) எழுதியது. அவரும் ஒரு பழைய லத்தீன் பாட்டை ஒட்டித்தான் எழுதினார். ஐந்து பிள்ளைகளில் நாலு பேரைப் பறிகொடுத்தவர். மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்ததால் பெர்லினில் வேலையையும் இழந்தார்.

மும்மணி ஆராதனையில் காதல் மெட்டா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். நாம் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பிறந்த மண்ணில் இருக்கிறோம். ஒரு நல்ல மெட்டு எந்தத் தெருவுக்குள்ளும் போகும் என்பது நமக்குத் தெரியாததா?

எல்லாம் வெளிநாட்டார்தானா? நம் ஊர்க்காரர் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர். அப்பா கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் ஆசிரியராகப் போனார், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தால் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டம் கிடைத்தது. ஆனால் காவியத்தை இன்று படிப்பவர் எத்தனை பேர்? "சத்தாய் நிஷ்களமாய்" பாடாத சபை இங்கே இல்லை. அது இரட்சணிய மனோகரத்தில் உள்ள பாட்டு.

அந்த முதல் வரியிலேயே சத்து, அடுத்து சித்து, ஆனந்தம். சச்சிதானந்தம் என்று நம் மண்ணின் மெய்யறிவுக்காரர்கள் பரம்பொருளைச் சொன்ன சொல்லைப் பிரித்து, அப்படியே திரித்துவத்தின்மேல் சாத்திவிட்டார். "அத்தா, உன்னையல்லால் எனக்கார் துணை" என்று முடியும்போது, மழபாடியில் "உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே" என்று சுந்தரர் உருகின குரல் எனக்குப் பின்னால் கேட்கும். எழுத்தெண்ணி எடுத்துவந்த சீமை மெட்டில் இந்த உருக்கம் வராது. இது என் கட்சி, மறுப்பவர் மறுக்கலாம்.

இரண்டாமவர் வேதநாயக சாஸ்திரியார். தஞ்சாவூர்க்காரர் என்றே எல்லாரும் நினைக்கிறோம். 1774-இல் பிறந்தது திருநெல்வேலியில். 1785-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், சின்னப் பையனாக அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பின்னால் மன்னரான சரபோஜியோடு சேர்ந்து படித்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடினார். 1864 வரை, 89 வயது, இருந்தார். 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனின் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாட்டுகள்தான் அதற்கு முதுகெலும்பு.

அவரைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. பைபிளையும் பழைய பாட்டுகளையும் புது மிஷனரிகள் திருத்தியபோது கடுமையாக எதிர்த்து எழுதினார். பைபிளைத் திருத்தியவர் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்த ரேனியஸ்! பாட்டுக்காக அவர் போட்ட சண்டை நியாயம் என்பேன். ஆனால் அதே மூச்சில் சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் வாதாடினார். அதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவரும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், முன்சீப், 1826-இல் பிறந்தவர். அவரும் கீர்த்தனை எழுதியதால் குழப்பம் தீருவதே இல்லை.

பாமாலை எழுதிய வெள்ளைக்காரர் யாராவது நம் பக்கம் வந்ததுண்டா?

"தூய தூய தூயா" எழுதிய ஹீபர் பேராயர் திருச்சிவரை வந்தார். 1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டைக்குள் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்திவிட்டு, வெயிலில் திரும்பிக் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு ஏறவில்லை. வயது 42. அவர் பாட்டுகள் மறுவருடம்தான் புத்தகமாயின.

நம் பக்கமே வாழ்ந்தவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1896-இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார், 1901 முதல் டோனாவூர், 1951-இல் அங்கேயே அடக்கம். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதினார். அவர் எழுதிய ஆங்கிலப் பாட்டுகளை வெளிநாட்டுச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

எங்கள் தாத்தா உபதேசியார். அவர் கையால் எழுதின பாட்டு நோட்டு வீட்டில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் காகிதம் புழுங்கிக் கெட்டுப்போகும். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், வெறும் பக்கத்தையும் சேர்த்து. ஓரத்தில் 'மெட்டு' என்று ஏதாவது குறித்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வார்த்தை இருந்து மெட்டு தொலைந்த பாட்டு பாதிப் பாட்டு. கடைசிச் சரணத்தைக் கவனமாகப் படியுங்கள். பெயரையோ ஊரையோ அங்கேதான் நுழைத்திருப்பார்கள். பிறகு அந்தப் பாட்டை அறிந்த வயதானவர் யாராவது இருந்தால் பாடச்சொல்லிப் போனில் பதிந்துவிடுங்கள். பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மெட்டு வந்துவிடும்.

எங்கள் ஆச்சி நோட்டில் ஒரு பஜனைப் பாட்டு இருக்கிறது. பதினொரு சரணம், பெயரே இல்லை. கடைசியில் பென்சிலால் ஒரே ஒரு வரி: "இதைப் பாடும்போது வேகம் கூடாது."